ஷேக்கர் சபை பிள்ளை பெறாததாலா தேய்ந்தது?

கேள்வி இது: "அமெரிக்காவில் ஷேக்கர்கள் என்றொரு கிறிஸ்தவ சபை இருந்ததாம். சொத்து முழுவதும் பொது, கல்யாணம் கிடையாது. பிள்ளை பெறாததால் அழிந்துபோனார்கள் என்று படித்தேன். காரணம் அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றால் அவர்கள் 1820-க்கு முன்பே முடிந்துபோயிருக்க வேண்டும். 1774-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி நியூயார்க்கில் இறங்கியவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் தொடங்கிய கூட்டம், பிள்ளைப்பேறு என்ற வழியையே மூடி வைத்துக்கொண்டு, எழுபது ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகியது. உச்சத்தில் நாலாயிரம் பேர் என்பாரும் உண்டு, ஆறாயிரம் என்பாரும் உண்டு. ஐரோப்பாவில் பெனடிக்டின் மடங்கள் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக நடக்கின்றன. அங்கும் யாரும் பிள்ளை பெறுவதில்லை. வெளியிலிருந்து ஆள் வந்துகொண்டிருக்கும்வரை துறவுச் சபை சாகாது. ஆகவே, ஷேக்கர்களிடம் ஆள் எங்கிருந்து வந்தார்கள், பிறகு ஏன் வராமல் போனார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். பல ஆண்டுகளாக இவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். ஒரே வரியில் இவர்களை ஒதுக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. அதனால் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஆன் லீ. 1736-ல் மான்செஸ்டரில் ஒரு கொல்லனின் மகளாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. சிறுமியாக இருந்தபோதே பஞ்சாலை வேலைக்குப் போனார்; பிறகு ஒரு மருத்துவமனையில் சமையல் வேலை. 1762-ல் கல்யாணம். நான்கு குழந்தைகள் பிறந்தன, நான்கும் சிறு வயதிலேயே இறந்தன. அதற்கு முன்பே அவர் வார்ட்லி தம்பதியர் நடத்திய சிறு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். குவேக்கர் சபையிலிருந்து வந்த அவர்கள், ஆவியில் நிறைந்து உடல் நடுங்க, ஆடிப் பாடித் தொழுதார்கள். பார்த்தவர்கள் 'நடுங்கும் குவேக்கர்கள்' (ஷேக்கிங் குவேக்கர்ஸ்) என்று கேலி செய்தார்கள். ஷேக்கர் என்ற பெயர் அந்தக் கேலியில் வந்ததுதான். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கிறிஸ்துவின் இரண்டாம் தோற்றத்தில் விசுவாசிகளின் ஐக்கிய சங்கம்'.

1770-ல் சிறையில் இருந்தபோது ஆன் லீக்கு ஒரு தரிசனம் கிடைத்தது. மனிதனின் வீழ்ச்சிக்கு வேர் ஆதாம் ஏவாளின் உடல் உறவே என்பது அதன் சாரம். நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த தாயின் துயரம்தான் இந்த உபதேசமாக மாறியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அத்தோடு நிறுத்திவிட்டால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. உயிர்த்தெழுந்தவர்கள் 'பெண் கொள்வதுமில்லை பெண் கொடுப்பதுமில்லை' என்று லூக்கா சுவிசேஷத்தில் இயேசு சொல்கிறார். ஷேக்கர்கள் அதை மறுமைக்கு என்று ஒத்திவைக்கவில்லை. உயிர்த்தெழுதல் இப்போதே தொடங்கிவிட்டது, எனவே அந்த வாழ்க்கையையும் இப்போதே வாழ வேண்டும் என்றார்கள். கடவுளைத் தந்தையாகவும் தாயாகவும் கண்டார்கள். கிறிஸ்துவின் ஆவி முதலில் இயேசு என்ற ஆணிடம் விளங்கியது, இரண்டாவதாக ஒரு பெண்ணிடம் விளங்கியது என்றார்கள். ஆன் லீயை அவர்கள் 'அன்னை ஆன்' என்றே அழைத்தார்கள்.

அமெரிக்கா வந்த புதிதில் அன்னை ஆன் நியூயார்க் நகரில் துணி துவைத்து, இஸ்திரி போட்டுப் பிழைத்தார். கணவர் அங்கேயே அவரைவிட்டுப் பிரிந்து போனார். ஆல்பனி நகரத்துக்குப் பக்கத்தில் நிஸ்கயூனா என்ற சதுப்புக் காட்டில் நிலம் எடுத்து, மரம் வெட்டி, மண்ணைத் திருத்தி, சில ஆண்டுகள் யாருக்கும் பிரசங்கம் செய்யாமல் காத்திருந்தார்கள். 1780 மே 19-ஆம் தேதி நண்பகலில் நியூ இங்கிலாந்து முழுவதும் இருண்டது. காட்டுத் தீயின் புகை என்று இன்று தெரியும். அன்று மதியச் சாப்பாட்டுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கோழிகள் கூட்டுக்குள் அடைந்தன. நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று ஜனங்கள் முழங்காலில் விழுந்தார்கள். அன்னை ஆன் வெளியே வந்து பேசத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

கேட்க ஆள் தயாராக இருந்தது. நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு 'எழுப்புதல் கூட்டம்' என்றால் விளக்க வேண்டியதில்லை. அப்படியொரு எழுப்புதல் அதற்கு முந்தைய ஆண்டு பக்கத்து ஊரான நியூ லெபனானில் கொழுந்துவிட்டு எரிந்து, அடங்கியிருந்தது. மனம் கிளர்ந்தவர்கள் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார்கள். அவர்களில் ஒருவர் ஜோசப் மீச்சம் என்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார். அவர் வந்து பார்த்தார், கேள்வி மேல் கேள்வி கேட்டார், சேர்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஷேக்கர்களுக்கு ஆள் வந்த முதல் வழி இது. ஓர் எழுப்புதல் தணிந்ததும், அதில் எழுந்த தாகம் தணியாதவர்கள் வந்து சேர்ந்தார்கள். கடைசிவரை அவர்களுடைய நல்ல அறுவடைகள் எல்லாம் இப்படி வந்தவைதான்.

பாடுகளும் கூடவே வந்தன. இங்கிலாந்துக்காரி, போர் கூடாது என்கிறாள், அதுவும் விடுதலைப் போர் நடக்கும் நேரத்தில் என்று சந்தேகப்பட்டு அவரைச் சிறையில் வைத்தார்கள். மாசசூசெட்ஸ் ஊர்களில் ஊழியம் செய்தபோது கும்பல்கள் இழுத்துப்போட்டு அடித்தன. 1784-ல் தம்பி வில்லியம் இறந்தார்; அந்தச் செப்டம்பரில் அன்னை ஆனும் போய்ச் சேர்ந்தார். பொது ஊழியம் செய்தது நான்கே ஆண்டுகள்.

சபையைக் கட்டியெழுப்பியது அவருக்குப் பின் வந்தவர்கள். 1787-ல் பொறுப்பேற்ற மீச்சம், தனக்குச் சமமாக லூசி ரைட் என்ற பெண்ணைத் தலைமையில் அமர்த்தினார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைத்தது 1920-ல் என்பதோடு சேர்த்து இதைப் பார்க்க வேண்டும். மீச்சம் 1796-ல் இறந்த பிறகு கால் நூற்றாண்டு, 1821 வரை, லூசி ரைட்டே முதன்மையாக நின்று நடத்தினார். ஒவ்வொரு ஊரிலும் பல 'குடும்பங்கள்'. இரத்த உறவில்லாத முப்பது பேர் முதல் நூறு பேர் வரை சேர்ந்தது ஒரு குடும்பம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண் மூப்பர்கள், இரண்டு பெண் மூப்பர்கள். வேலைகளைப் பார்க்க உதவிக்காரர்கள். வெளியுலகோடு கொடுக்கல் வாங்கலுக்குத் தனிப் பொறுப்பாளர்கள். 'விசுவாசிகளெல்லாரும் ஒருமித்திருந்து, சகலத்தையும் பொதுவாய் வைத்து அநுபவித்தார்கள்' என்ற அப்போஸ்தலர் நடபடிகளின் வசனத்தை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். புதிதாக வருபவர் முதலில் தம் வீட்டிலேயே இருந்து பழகலாம். கடன் இருந்தால் அடைத்துவிட்டு வர வேண்டும். முழு உறுப்பினராகும்போதுதான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, சொத்தைச் சபைக்கு எழுதிக் கொடுப்பார். பிறகு விலகினால் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது. இதை எதிர்த்து வழக்குகள் போனபோது நீதிமன்றங்கள் பெரும்பாலும் உடன்படிக்கையின் பக்கமே நின்றன.

ஒரே கட்டடத்தில் ஆண்களும் பெண்களும் வாழ்ந்தார்கள், ஒருவரையொருவர் தொடாமல். இரண்டு வாசல்கள், இரண்டு மாடிப்படிகள், உணவுக்கூடத்தில் தனித்தனி மேசைகள். ஒவ்வொரு சகோதரனின் துணிமணிகளைப் பார்த்துக்கொள்ளவும், கிழிந்ததைத் தைக்கவும் ஒரு சகோதரி. வாரத்தில் சில மாலைகளில் 'ஐக்கியக் கூட்டம்' நடக்கும். சகோதரர்கள் ஒரு வரிசை, எதிரே சில அடி தள்ளிச் சகோதரிகள் ஒரு வரிசை, நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள், பாடுவார்கள். ஆண் பெண் நட்பு தானாக எங்காவது முளைத்துவிடும், அதற்கு வெளிச்சத்திலேயே ஓர் இடம் கொடுத்துவிடுவோம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். துறவை நடத்தத் தெரிந்தவர்களின் யோசனை இது. பின்னாளில் சட்டங்கள் இறுகின. 1845-ல் திருத்திய விதிகளில், படியேறும்போது வலது காலை முதலில் வைக்க வேண்டும் என்பதுவரை எழுதிவைத்தார்கள். விதிகள் இவ்வளவு நுணுக்கமாகும்போது உள்ளே ஏதோ தளர்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர்களுடைய கைவேலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது அவர்களுக்கு ஜெபம். கையை வேலையிலும் இதயத்தைக் கடவுளிடமும் வை என்பது அன்னை ஆன் விட்டுச்சென்ற வார்த்தையாக அவர்களிடையே வழங்கியது. ஒரு ஷேக்கர் முட்டைவடிவப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். மேப்பிள் மரத்தை மெல்லிய பட்டையாகச் சீவி, ஆவியில் இளக்கி, அச்சைச் சுற்றி வளைக்கிறார்கள். பட்டையின் நுனியை நேராக வெட்டி ஒட்டிவிடலாம், ஆனால் மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், அப்போது ஒட்டு பிளந்துகொள்ளும். அதனால் நுனியை நீண்ட விரல்களைப் போலச் செதுக்குகிறார்கள். விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மரம் தன்னிஷ்டப்படி அசைந்துகொள்ளும். இரும்பாணி துருப்பிடித்து மரத்தில் கறை இறக்கும் என்பதால் செப்பாணி. அடியும் மூடியும் பைன் பலகை. பார்ப்பவருக்கு அந்த விரல்கள் அலங்காரமாகத் தெரியும். அலங்காரத்துக்காக அவர்கள் ஒரு கோடுகூடப் போடவில்லை.

மாசசூசெட்ஸில் ஹான்காக் என்ற ஷேக்கர் ஊரில் 1826-ல் கட்டிய வட்டமான கல் மாட்டுத் தொழுவமும் அப்படித்தான். மேல் தளத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி, அதே வாசலில் திரும்பி வரலாம். வண்டியைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய வேலை இல்லை. உலர்ந்த புல்லை நடுவிலே தள்ளிவிடுவார்கள். கீழே ஐம்பத்திரண்டு மாடுகள் வட்டமாக, தலையை நடுப்பக்கம் வைத்து நிற்கும். தீனி போட ஒருவர் நடுவில் நின்றால் போதும். சாணம் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடும்.

தட்டைத் துடைப்பம் அவர்களுடையது. காய்கறி விதையைச் சிறு காகித உறைகளில் போட்டு விற்பதைப் பெரிய வியாபாரமாக ஆக்கியவர்கள் அவர்கள். வெளியில் வாங்கிய விதையைத் தங்கள் விதையோடு கலப்பதில்லை என்று 1819-ல் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். ஷேக்கர் விதை என்றால் முளைக்கும் என்று ஊரெல்லாம் நம்பியது. இந்த நம்பிக்கைதான் பல ஊர்களில் சபைக்கு முன்னே போய் நின்ற தூதர். எங்கெல்ஸ் 1845-ல் பொதுவுடைமைக் குடியிருப்புகளைப் பற்றி எழுதியபோது முதலில் காட்டியதும் இவர்களைத்தான். அவருக்கு அவர்களுடைய மதம் ஒத்துவரவில்லை. அவர்களுடைய களஞ்சியம் ஒத்துவந்தது.

1805 புத்தாண்டு நாளில் மூன்று சகோதரர்கள் நியூ லெபனானிலிருந்து மேற்கு நோக்கிக் கால்நடையாகக் கிளம்பினார்கள். கென்டக்கியில் மாபெரும் எழுப்புதல் கூட்டங்கள் நடந்து ஓய்ந்த நேரம் அது. ஆயிரம் மைலுக்கு மேல் நடந்து, பனியில் ஒஹையோ போய்ச் சேர்ந்தார்கள். ரிச்சர்ட் மெக்நீமார் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகரே தம் சபையாரோடு சேர்ந்தார். அங்கே யூனியன் வில்லேஜ், கென்டக்கியில் பிளசன்ட் ஹில், சவுத் யூனியன் என்று ஊர்கள் எழுந்தன. மெயின் முதல் கென்டக்கி வரை பதினெட்டு, பத்தொன்பது பெரிய ஊர்கள்.

ஆள் வந்த இரண்டாவது வழி வறுமை. கணவனை இழந்தவள், கையில் நான்கு பிள்ளைகள், வரும் குளிர்காலத்துக்கு விறகில்லை என்றால், ஷேக்கர் வீட்டில் மூன்று வேளைச் சாப்பாடும் சுத்தமான படுக்கையும் உண்டு. குளிர்காலம் வரும்போது விசுவாசி, வசந்தம் வந்தால் காணோம் என்றிருந்த ஆட்களை 'குளிர்கால ஷேக்கர்கள்' என்று அழைத்தார்கள். அவர்களையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவில்லை. பெண்களுக்கு இன்னும் ஒன்று: ஆண்டுக்கொரு பிரசவம், அதில் சாவு என்ற அச்சம் அங்கே இல்லை. விரும்பாத கணவனிடமிருந்து விடுதலையும் இருந்தது. பிலடெல்பியாவில் ரெபெக்கா காக்ஸ் ஜாக்ஸன் என்ற கறுப்பினப் பெண்மணி, தானே பிரசங்கியாக இருந்தவர், ஷேக்கராகி, பெரும்பாலும் கறுப்பினச் சகோதரிகளைக் கொண்ட குடும்பம் ஒன்றை அங்கே நடத்தினார்.

இந்த வழியில் கண்ணீரும் உண்டு. அதை மறைத்தால் நான் எழுதுவது துதிப்பாடல் ஆகிவிடும். கணவன் சேர்ந்து மனைவி மறுத்தால், அன்றைய சட்டப்படி பிள்ளைகள் கணவனுக்கே. நியூயார்க் மாநிலத்தில் யூனிஸ் சாப்மன் என்ற பெண்ணின் கணவன் மூன்று பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு போய் ஷேக்கர்களிடம் சேர்ந்தான். அவள் ஆண்டுக்கணக்கில் போராடினாள். துண்டறிக்கைகள் அச்சிட்டாள், சட்டமன்றப் படிகளில் ஏறி இறங்கினாள். 1818-ல் மாநிலச் சட்டமன்றம் அவளுக்காகத் தனிச் சட்டமே போட்டு விவாகரத்து கொடுத்தது. அதே ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரில் என்ஃபீல்ட் ஊரை முற்றுகையிட்ட கூட்டத்தோடு போய்த்தான் பிள்ளையை மீட்க முடிந்தது. ஷேக்கர்கள் அன்று செய்தது தவறு. சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது என்பதால் தவறு சரியாகிவிடாது. அன்னை ஒருத்தியின் பெயரால் நடந்த சபை ஒரு தாயை வாசலில் நிறுத்தியதே என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மூன்றாவது வழி பிள்ளைகள். சரிவின் விதை இங்கேதான் இருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம். அநாதைகளையும், வளர்க்க வழியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளையும் ஒப்பந்தம் எழுதி ஏற்றுக்கொண்டார்கள். நன்றாகவே வளர்த்தார்கள், பள்ளிக்கூடம், தொழில், நல்ல சாப்பாடு எல்லாம் கொடுத்தார்கள். இருபத்தொரு வயதில் இருப்பதா போவதா என்று அவரவரே முடிவு செய்யலாம். பெரும்பாலானவர்கள் போனார்கள். 1780-ல் வந்தவர்கள் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் போராடி, பாவ அறிக்கை செய்து, வீட்டையும் நிலத்தையும் துறந்து வந்தவர்கள். 1850-ல் உணவுமேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் ஏழு வயதில் யாரோ கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டவர்கள். விரும்பி வந்து துறப்பது வேறு; எதையும் பார்ப்பதற்கு முன்பே துறவுக்குள் வளர்வது வேறு. பிரசங்கத்தால் பெரியவர்களைச் சேர்ப்பது கடினமாகிக்கொண்டே வந்தபோது, பிள்ளைகளை வளர்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சபை மெல்ல மெல்ல இந்த வழியில் சாய்ந்தது. அது நிரப்புவதுபோல் காட்டி, நிரப்பவில்லை.

இடையில் ஒரு பெரிய கனல் மூண்டது. 1837-ல் வாட்டர்வ்லியட்டில் (பழைய நிஸ்கயூனாதான்) சிறுமிகள் சிலர் மெய்மறந்து விழுந்து, தேவதூதர்களைக் கண்டதாகப் பேசத் தொடங்கினார்கள். அது ஊர் ஊராகப் பரவிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. அன்னை ஆனிடமிருந்து செய்திகள், தெரியாத பாஷைகளில் பாட்டுகள், கண்ணுக்குத் தெரியாத கனிகளைப் பரிமாறும் விருந்துகள். மூத்தவர்கள் மறைந்து, அன்னையைப் பார்த்தேயிராத தலைமுறை எழுந்த காலம் அது. அவர்களுக்கு அன்னை நேரில் வேண்டியிருந்தார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். படம் வரைவதே வழக்கமில்லாத சபையில் சகோதரிகள் ஆவியின் ஏவுதலால் ஓவியங்கள் வரைந்தார்கள். ஹான்னா கொஹூன் 1854-ல் வரைந்த 'ஜீவ விருட்சம்' அதில் ஒன்று. எளிமையாக இருப்பதே வரம் என்று தொடங்கும் அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டு மெயின் மாநிலத்தில் ஜோசப் பிராக்கெட் என்ற மூப்பர் 1848-ல் கட்டியது. 1844 அக்டோபரில் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்து ஏமாந்த மில்லர் கூட்டத்தார் சிலரும் வந்து சேர்ந்தார்கள். எழுப்புதல் வழியாக வந்த கடைசிப் பெரிய வரவு அதுதான். அதன்பின் அந்த வாய்க்கால் வற்றிவிட்டது. சீர்திருத்த எண்ணமும் பக்தி வேகமும் உள்ளவர்களுக்கு அடிமை ஒழிப்பு, மதுவிலக்கு, அயல்நாட்டு ஊழியம் என்று வேறு வாசல்கள் ஏராளமாகத் திறந்துகொண்டன.

உள்நாட்டுப் போர் அடுத்த அடி. ஷேக்கர்கள் ஆயுதம் எடுக்க மாட்டார்கள். மூப்பர் பிரெடரிக் எவன்ஸ் வாஷிங்டன் சென்று லிங்கனிடம் மனுக் கொடுத்தார். முந்தைய போர்களில் சண்டையிட்டுப் பின்னர் ஷேக்கர் ஆனவர்கள் தங்களுக்கு வர வேண்டிய ஓய்வூதியத்தை வாங்காமலேயே விட்டிருக்கிறார்கள் என்ற கணக்கையும் முன்வைத்தார். விலக்குக் கிடைத்தது. கென்டக்கியில் நிலைமை வேறு. 1862 அக்டோபரில் பெரிவில் சண்டையையொட்டி இரு தரப்புப் படைகளும் பிளசன்ட் ஹில் வழியாகப் போயின. சகோதரிகள் இரவு பகலாக ரொட்டி சுட்டு, பசித்து வந்த எல்லாருக்கும் போட்டார்கள். களஞ்சியம் காலியானது. தெற்கிலிருந்த விதைச் சந்தையும் போரோடு போனது.

போருக்குப் பிறகு ஆலைகள் வந்தன, ரயில் வந்தது. துடைப்பமும் வாளியும் துணியும் தொழிற்சாலையில் மலிவாகக் கிடைத்தன. விதை வியாபாரிகள் வண்ணப்படம் அச்சிட்ட உறைகளோடு நாடு முழுவதும் கடை விரித்தார்கள். பணம் குறைந்ததைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. திறமையுள்ள இளைஞனுக்கு முன்பு ஷேக்கர் பட்டறையைவிட நல்ல பட்டறை கிடையாது. இப்போது நகரத்தில் சம்பளத்தோடு வேலை இருந்தது. மேற்கே நிலமும் இருந்தது. ஆண்கள் கிளம்பினார்கள். 1900-ல் மொத்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. அதில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள், அதிலும் பலர் முதியவர்கள். உழவுக்குக் கூலியாள் வைக்க வேண்டி வந்தது. கூலி கொடுக்க நிலத்தை விற்றார்கள். சில ஊர்களில் பொறுப்பாளர்கள் தவறான முதலீடுகளில் பெரும்பணத்தை இழந்தார்கள். எல்லாம் பொது என்ற சபையில் கணக்கு மட்டும் ஓரிருவர் கையில் இருந்ததன் பலன் அது. நியூ லெபனானில் ராபர்ட் வேகன் நாற்காலித் தொழிலைப் பெரிதாக்கி, அளவுக்கு எண் போட்டு, விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றார். மற்ற ஊர்களில் சகோதரிகள் மேலங்கி தைத்தும், பாப்ளார் மரச்சீவலில் நெய்த சிறு பெட்டிகள் செய்தும் சுற்றுலா விடுதிகளுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். கடைசி ஐம்பது அறுபது ஆண்டுகள் அந்தச் சபையைச் சுமந்தது இந்தப் பெண்களின் ஊசியும் விரலும்தான்.

நாடெங்கும் அநாதை இல்லங்கள் பெருகின. பிள்ளைகள் வரும் வழியும் அதனால் ஒடுங்கியது. ஊர்கள் ஒவ்வொன்றாக மூடின. பிளசன்ட் ஹில்லில் மிஞ்சியிருந்த பன்னிரண்டு பேர் 1910-ல், உயிரோடு இருக்கும்வரை தங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற உறுதிமொழியின் பேரில் ஊரையே எழுதிக் கொடுத்தார்கள். யூனியன் வில்லேஜ் 1912, சவுத் யூனியன் 1922, அன்னை ஆன் அடக்கமாகியிருக்கும் வாட்டர்வ்லியட் 1938, தலைமை ஊரான மவுண்ட் லெபனான் (முன்பு நியூ லெபனான் என்றது இதைத்தான்) 1947, ஹான்காக் 1960. வாட்டர்வ்லியட் கல்லறைக்குப் பக்கத்தில் இப்போது ஆல்பனி விமான நிலையம்.

1960-களில் சபைத் தலைமை எடுத்த முடிவு ஒன்று இன்றும் விவாதத்துக்குரியது. இனிப் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதில்லை என்று 1965-ல் நியூ ஹாம்ப்ஷயரின் கான்டர்பரி ஊரிலிருந்த தலைமைச் சகோதரிகள் தீர்மானித்தார்கள். நிலம் விற்ற பணம் நிறைய இருந்தது. அதற்கு ஆசைப்பட்டு யாராவது நுழைந்துவிடுவார்களோ என்று அஞ்சினார்கள். கூடவே ஆண்களுக்கு வழிகாட்ட மூப்பர்கள் இல்லாமல் போயிருந்தார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேற்சொன்ன எல்லா வழிகளும் காலத்தால் அடைபட்டவை, இது ஒன்றுதான் உள்ளிருந்து தாழிட்டது. மெயின் மாநிலத்தில் சபத்டே லேக் ஊரார் இதை ஏற்கவில்லை. கூப்பிடுகிறவர் கடவுள், கதவைச் சாத்த நாம் யார் என்ற நிலையில் நின்றார்கள். இரு ஊர்களுக்கும் இடையே மனஸ்தாபம் நீண்டது. கான்டர்பரியின் கடைசிச் சகோதரி 1992-ல் இறந்தார்.

இதற்குள் ஷேக்கர் நாற்காலிகளைப் பணக்காரர்கள் ஏலத்தில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். சபத்டே லேக் சகோதரி மில்ட்ரெட் பார்க்கர், நூற்றுக்கணக்கான ஷேக்கர் பாட்டுகளை நெஞ்சில் வைத்திருந்தவர், உலகம் தங்களை ஒரு நாற்காலியாகவோ மேசையாகவோ மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுமோ என்று வருந்தியிருக்கிறார். அதே ஊரில் பத்து வயதில் கொண்டுவந்து விடப்பட்ட பிரான்சஸ் கார், எண்பது ஆண்டு அங்கேயே வாழ்ந்து 2017 ஜனவரியில் காலமானார். வளர்ந்ததும் போய்விட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நடுவே, இருந்துவிட்டவர் அவர். அப்போது எஞ்சியது இரண்டு பேர்.

ஆகவே 'அழிந்துபோன சபை' என்பதும் சரியில்லை. ஒரு கையின் விரல்களால் எண்ணிவிடலாம், ஆனாலும் இருக்கிறார்கள். செம்மறியாடு வளர்க்கிறார்கள், மூலிகை உலர்த்தி டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். சேர விரும்புகிறேன் என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் போகிறது. 1794-ல் எழுப்பிய அந்த வெள்ளைத் தொழுகை வீட்டில் கோடைக்கால ஞாயிறுகளில் ஆராதனை நடக்கிறது. வெளியார் யாரும் போகலாம். ஆண்கள் ஒரு வாசலிலும் பெண்கள் இன்னொரு வாசலிலும் நுழைந்து எதிரெதிரே பெஞ்சுகளில் உட்கார, வாத்தியம் இல்லாமல் பாட்டு தொடங்குகிறது.